உழைத்துச் சம்பாதிக்கும் தலைவலி: ஓர் எளிய வழிகாட்டி

தொப்பையைக் கரைப்பது எப்படி, முப்பதே நாளில் மார்பை அகலமாக்குவது எப்படி, கையை மடக்கினால் சட்டைத் தையல் பிரிவது எப்படி என்றெல்லாம் வழிகாட்டிகள் மலிந்துவிட்டன. அவற்றைப் படித்துவிட்டு ஜிம்முக்குப் போனவர்களில் பலருக்கு உண்மையில் கைகூடுவது தலைவலிதான். அதற்கென்று ஒரு வழிகாட்டி இல்லாதது பெருங்குறை. அந்தக் குறையைத் தீர்க்கவே இந்தப் பாடங்கள்.

மற்றத் தலைவலிகள் இனாமாக வருபவை. மேலதிகாரி தருவார், கோயில் ஒலிபெருக்கி தரும், வீட்டுக் கடன் மாதாமாதம் ஐந்தாம் தேதி தரும். உழைப்புத் தலைவலி அப்படியல்ல. சந்தா கட்டி, அதிகாலையில் எழுந்து, வியர்வை சிந்திப் பெற வேண்டியது. அதற்குப் பழம்பெருமையும் உண்டு. ஹிப்போகிராட்டஸ் பெயரால் வழங்கும் கிரேக்க மருத்துவ நூல்களிலேயே ஓட்டத்தாலும் உடற்பயிற்சியாலும் தலைவலி வருகிறவர்களைப் பற்றிய பேச்சு இருக்கிறது. கண்ணாடி முன் நின்று படம் எடுத்துப் போடும் வசதி அன்றைக்கு இல்லை, அவ்வளவுதான்.

பாடம் 1: பட்டத்துக்கான விதிமுறைகள்

எந்தப் பட்டத்துக்கும் ஒரு பல்கலைக்கழகம் வேண்டும். தலைவலிக்கு அது சர்வதேசத் தலைவலிச் சங்கம். நிஜமாகவே அப்படி ஒரு சங்கம் இருக்கிறது. உலகத்துத் தலைவலிகளையெல்லாம் எண் போட்டு வகை பிரித்து அது வெளியிட்ட பட்டியலின் மூன்றாம் பதிப்பு 2018இல் வந்தது. வேறு நோய் எதுவும் பின்னால் இல்லாமல், உடற்பயிற்சியால் மட்டுமே வரும் தலைவலிக்கு அதில் 4.2 என்று எண்.

விதிகள் நான்கு. கடுமையாக உடம்பை வருத்தும்போதோ வருத்தி முடித்ததுமோ மட்டுமே வலி வர வேண்டும். 48 மணி நேரத்துக்குள் அடங்கிவிட வேண்டும். குறைந்தது இரண்டு முறை வந்திருக்க வேண்டும். வலிக்கு வேறு காரணம் இல்லையென்று பார்த்து உறுதி செய்திருக்க வேண்டும். நம் மாணவர்கள் முதல் மூன்றிலும் முழு மதிப்பெண் வாங்கிவிடுவார்கள். நான்காவது கேள்வியை மட்டும் சாய்ஸில் விட்டுவிடுவார்கள். இந்த வழிகாட்டியும் அவர்களுக்காகவே எழுதப்படுவதால், நான்காவது விதியைப் பற்றிக் கடைசி வரை யாரும் கவலைப்பட வேண்டியதில்லை.

வலி வந்துவிட்டதா என்று எப்படித் தெரியும்? தெரியும். நாடித் துடிப்போடு சேர்ந்து விண்விண்ணென்று தெறிக்கும். பெரும்பாலும் தலையின் இரண்டு பக்கமும் பிடிக்கும். சிலருக்குச் சில நிமிஷத்தில் போய்விடும், சிலருக்கு மறுநாள் அலுவலகம் வரை கூடவே வரும். போட்டி அதிகமோ என்று தயங்க வேண்டாம். நார்வே நாட்டில் வோகோ என்ற ஊர்ப்பகுதியில் மக்களை ஒவ்வொருவராக விசாரித்த ஆய்வில் 12.3 சதவீதம் பேர் உழைப்புத் தலைவலியை அனுபவித்திருந்தார்கள். எட்டில் ஒருவருக்குக் கிடைப்பது உங்களுக்குக் கிடைக்காதா?

பாடம் 2: எடுத்த எடுப்பிலேயே

ஜிம்மில் சேர உகந்த நாள் ஜனவரி 2. ஒன்றாம் தேதி சபதம், இரண்டாம் தேதி ரசீது. பள்ளியில் பி.டி. பீரியடுக்குப் பிறகு உடம்பு குனிந்து நிமிர்ந்ததில்லை என்றால் இன்னும் நல்லது. பத்து வருஷமாகச் சேர்த்த சதையைப் பத்து நாளில் இறக்கிவிட வேண்டும் என்ற வெறியோடு உள்ளே போங்கள்.

அங்கே ஒரு தடை காத்திருக்கும். "அண்ணே, முதல்ல பத்து நிமிஷம் சும்மா சைக்கிள் மிதிங்க" என்பார் மாஸ்டர். ஏமாந்துவிடாதீர்கள். வேகத்தை மெல்ல மெல்லக் கூட்டினால் இதயமும் ரத்தக் குழாய்களும் அதற்கேற்பத் தங்களைத் தயார் செய்துகொள்ளும். உழைப்புத் தலைவலி உள்ளவர்களுக்கு மருத்துவர்கள் முதலில் சொல்லும் மருந்தில்லாத வைத்தியமே இந்த வார்ம்-அப்தான். அதை அனுமதித்தால் நம் பாடத்திட்டமே பாழ். "டைம் இல்ல மாஸ்டர், ஆபீஸ் போகணும்" என்று சொல்லிவிட்டு நேராக எடை இருக்கும் பக்கம் போய்விடுங்கள்.

எவ்வளவு எடை தூக்குவது என்பதற்கு எளிய சூத்திரம் உண்டு. பக்கத்து பெஞ்சில் இருப்பவர் 60 கிலோ தூக்கினால் நீங்கள் 65. அவர் ஆறு வருஷமாக வருகிறார், நீங்கள் ஆறாவது நிமிஷத்தில் இருக்கிறீர்கள் என்பதெல்லாம் கணக்கில் வராது. யாராவது தடுத்தால், "நம்ம பாட்டன்மார் இளவட்டக்கல்லையே தூக்கினவங்க" என்று மார்தட்டுங்கள். தென்மாவட்டக் கிராமங்களில் அந்தக் கல்லைத் தூக்கித் தோளுக்குப் பின்னால் போட்டவன் வயலில் மூட்டை சுமந்து வளர்ந்தவன், தண்டாலும் பஸ்கியும் கர்லாக்கட்டையும் பழகியவன், கல்லைத் தொட்ட அன்றுதான் வாழ்க்கையில் முதல்முதலாகக் குனிந்தவன் அல்ல. இதை யாரும் கேட்கப் போவதில்லை. நீங்களாகச் சொல்லவும் வேண்டாம்.

பாடம் 3: மூச்சைப் பிடி, விடாதே

இந்த வழிகாட்டியின் உயிர்ப் பாடம் இது. எடையைத் தூக்கும்போது வாயை இறுக மூடி, மூச்சை உள்ளே அடக்கி, கழுத்து நரம்பு புடைக்க முக்குங்கள். முகம் செம்பருத்தி நிறத்துக்கு வரும் வரை விடாதீர்கள். தெரிந்தவர்கள், "தூக்கும்போது மூச்சை வெளியே விடணும், இறக்கும்போது இழுக்கணும்" என்பார்கள். அது தலைவலி வேண்டாதவர்களுக்கான அறிவுரை.

இந்த முக்கலுக்கு மருத்துவத்தில் ஒரு பெரிய மனிதரின் பெயர் இருக்கிறது. அந்தோனியோ மரியா வால்சால்வா, 1666இல் பிறந்த இத்தாலிய உடற்கூற்று அறிஞர். 1704இல் மனிதக் காதைப் பற்றி அவர் வெளியிட்ட நூலில், மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு மூச்சை வெளியே தள்ள முயலும் முறையை விவரித்தார். காதுக்குள் இருக்கும் சீழை வெளியேற்றுவது அவர் நோக்கம். மூன்று நூற்றாண்டு கழித்து அதே முறையால் கோடம்பாக்கத்து மொட்டை மாடி ஜிம்மில் மண்டை இடிக்கும் என்று அவர் எதிர்பார்த்திருக்க மாட்டார்.

உள்ளே என்ன நடக்கிறது? மூச்சை அடக்கி முக்கும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறுகிறது. தலையிலிருந்து இதயத்துக்குத் திரும்ப வேண்டிய ரத்தம், தண்ணீர் ஓடும் தோட்டக் குழாயின் வாயை விரலால் அடைத்த மாதிரி, பாதி வழியில் தேங்குகிறது. மண்டையோட்டுக்குள் அழுத்தம் கூடுகிறது. மூளைக்குத் தன் வலி தெரியாது, வலி உணரும் நரம்புகள் அதில் இல்லை. ஆனால் அதைப் போர்த்தியிருக்கும் உறைகளுக்கும் அங்கே ஓடும் ரத்தக் குழாய்களுக்கும் வலி நன்றாகவே தெரியும். கழுத்தின் பெரிய ரத்தக் குழாயில், ரத்தம் மேலே திரும்பிப் போகாமல் தடுக்க ஒரு வால்வு உண்டு. 2008இல் ஜெர்மனியில் சோதித்துப் பார்த்தபோது, உழைப்புத் தலைவலிக்காரர்களில் பத்துக்கு ஏழு பேருக்கு அந்த வால்வு சரியாக மூடவில்லை. தலைவலி இல்லாதவர்களில் அப்படி இருந்தவர்கள் பத்துக்கு இரண்டு பேர்தான். இதுதான் ஒரே காரணம் என்று மருத்துவ உலகம் அடித்துச் சொல்லவில்லை. பழி போட வால்வாவது கிடைத்ததே என்று நாம் திருப்திப்படலாம்.

ரத்த அழுத்தம் எவ்வளவு ஏறும் என்ற கணக்கும் இருக்கிறது. ஓய்வில் இருக்கும் ஆளுக்கு 120/80 இருந்தால் டாக்டர் சிரிப்பார். 1985இல் கனடாவில், அனுபவமுள்ள பாடி பில்டர்கள் ஐந்து பேரின் கைத் தமனிக்குள்ளேயே குழாய் செருகி, பயிற்சி செய்யும்போது அளந்தார்கள். இரண்டு காலாலும் எடையைத் தள்ளும் லெக் பிரஸில் உச்சகட்ட சராசரி 320/250 வந்தது. ஒருவருக்கு 480/350ஐத் தாண்டியது. எடையை வைத்த சில நொடிகளில் அது மடமடவென்று இறங்கியும்விட்டது. அவர்கள் பழகிய உடம்புக்காரர்கள், பக்கத்தில் ஆராய்ச்சியாளர்கள் இருந்தார்கள். உங்கள் பக்கத்தில் இருப்பது உங்களைப் படமெடுக்கும் நண்பர் மட்டும் என்பதால் தைரியமாக முக்குங்கள்.

பாடம் 4: வெயிலும் மலையும் துணை

உழைப்புத் தலைவலிக்குப் பிடித்த இரண்டு சூழல்களைத் தலைவலிச் சங்கமே குறிப்பிடுகிறது: கடும் வெப்பம், அதிக உயரம். இரண்டும் தமிழ்நாட்டில் ஒரு ராத்திரி பஸ் பயணத் தூரத்தில் கிடைப்பது நம் பாக்கியம்.

வெப்பம் வேண்டுவோர் மே மாதம் கத்திரி வெயிலில், ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு மணிக்கு டர்ஃபில் கிரிக்கெட் ஆடலாம். அந்த நேரத்தில் வாடகை மலிவாகக் கிடைக்கும். ஏன் மலிவு என்று யோசிக்கக் கூடாது. சென்னைக்காரர்களுக்கு இன்னொரு சலுகையும் உண்டு. கடற்கரைக் காற்றின் ஈரத்தில் வியர்வை உலராது, உலராத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. தொப்பியும் நிழலும் நம் பாடத்திட்டத்தில் இல்லை. விடியற்காலை ஐந்தரைக்கு மெரினாவில் ஓடிவிட்டு வெயில் ஏறும் முன் வீடு திரும்புகிறவர்களைப் பார்த்துப் பொறாமைப்படவும் வேண்டாம்.

உயரம் வேண்டுவோருக்கு வரலாற்று முன்னுதாரணம் உண்டு. 1968 ஒலிம்பிக்ஸ் மெக்சிகோ நகரில் நடந்தது. அந்த நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அதாவது நம் ஊட்டியின் உயரம். சமவெளியில் உலக சாதனைகளைக் குவித்திருந்த ஆஸ்திரேலிய ஓட்டக்காரர் ரான் கிளார்க், அங்கே 10,000 மீட்டர் ஓட்டத்தை ஆறாவதாக முடித்து, எல்லைக்கோட்டைத் தாண்டியதும் நினைவிழந்து விழுந்தார். ஓடி முடித்ததும் மண்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த வீரர்களைப் பற்றி மருத்துவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். அத்தனை பயிற்சி பெற்றவர்களுக்கே அந்தப் பாடு. நீங்கள் ராத்திரி பஸ்ஸில் தூங்காமல் போய், காலையில் ஊட்டியில் இறங்கி, இட்லி இறங்குவதற்குள் தொட்டபெட்டா பக்கம் ஓடத் தொடங்குங்கள். ஓரிரு நாள் இருந்து உடம்பு அந்த உயரத்துக்குப் பழகட்டும் என்று காத்திருப்பவர்களுக்கு விடுதி வாடகைதான் நஷ்டம்.

பாடம் 5: வயிற்றையும் டம்ளரையும் மறந்துவிடுங்கள்

வெறும் வயிற்றோடு, முந்தின ராத்திரி இரண்டு மணி வரை போன் பார்த்த கண்ணோடு, தண்ணீர் குடிக்காமல் போங்கள். பட்டினி, தூக்கக் குறைவு, நீர் வற்றுதல் மூன்றும் தனித்தனியாகவே தலைவலி தரக்கூடியவை. மூன்றையும் சேர்த்துக் கொடுத்துவிட்டால் எது தந்தது என்று எந்த டாக்டராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

காப்பிக்காரர்களுக்கு இரட்டை வாய்ப்பு. தினமும் 200 மில்லிகிராமுக்கு மேல் கஃபீன் உடம்பில் சேர்த்துப் பழகியவர் திடீரென்று நிறுத்தினால் 24 மணி நேரத்துக்குள் தலைவலி வரலாம். ஆகவே வருஷக்கணக்காகக் குடித்த டிகிரி காப்பியை ஜிம்மில் சேர்ந்த அதே நாளில் நிறுத்திவிடுங்கள். பழி ஜிம் மேல் விழும். மனசு கேட்காவிட்டால் எதிர்த்திசையில் போகலாம்: பயிற்சிக்கு முன் குடிக்கும் பவுடரை, டப்பாவில் எழுதியிருப்பதைப் படிக்காமல், ஸ்பூன் குவியக் கலக்கிக் குடியுங்கள். அதில் கஃபீன் எவ்வளவு என்பது உங்களுக்கும் தெரியாது, பரிந்துரைத்த நண்பருக்கும் தெரியாது.

"தண்ணி நிறையக் குடிச்சா சரியாப் போயிடும்" என்று சொல்பவர்களைத் தோற்கடிக்கவும் வழி உண்டு. அளவே இல்லாமல் குடியுங்கள். வெறும் தண்ணீரை மிதமிஞ்சிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து, அதனாலும் தலைவலியும் குமட்டலும் வரும். முற்றினால் வலிப்பும் வரும். 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடிய 488 பேரின் ரத்தத்தைச் சோதித்ததில் 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. தாகத்துக்குத் தக்கபடி குடிப்பது, நீண்ட நேர வியர்வைக்கு உப்புப் போட்ட மோரோ கஞ்சியோ குடிப்பது என்ற பாட்டி காலத்து வழக்கங்களைப் பின்பற்றினால் இந்தப் பாடத்தில் தோல்விதான்.

பாடம் 6: அணிகலன்கள்

நீச்சல்காரர்கள் கண்ணாடியின் ரப்பர் பட்டையை மண்டையில் தடம் பதியும்படி இறுக்க வேண்டும். சைக்கிள்காரர்கள் ஒரு அளவு சின்ன ஹெல்மெட்டை வாங்க வேண்டும். வெளியிலிருந்து அழுத்துவதால் வரும் இந்தத் தலைவலிக்கும் சங்கத்தின் பட்டியலில் தனி எண் இருக்கிறது. இதில் உள்ள ஒரே குறை, கழற்றி வைத்தால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடும். சாமர்த்தியசாலிகள் அதைச் சோதித்துப் பார்க்காமலேயே இருந்துவிடுவார்கள். ஹெல்மெட்டையே கழற்றிவிட்டு ஓட்டுவது என்பது வேறு பாடத்திட்டம், அதை எலும்பு முறிவுப் பிரிவில் நடத்துகிறார்கள்.

பாடம் 7: ஜிம் கிடைக்காதவர்களுக்கு

சந்தா கட்ட வசதியில்லையே என்று வருந்த வேண்டாம். நிரம்பிய சமையல் எரிவாயு சிலிண்டர் ஏறக்குறைய 30 கிலோ. அதை மூன்றாம் மாடிக்குத் தூக்கிப் போகும் தம்பியும், வீடு மாற்றும்போது "இந்தா ஒரு கை பிடிங்க" என்று பீரோவுக்கு அடியில் கை கொடுக்கும் மாமனாரும், இரண்டு இடுப்பிலும் குடத்தோடு லாரித் தண்ணீருக்கு ஓடும் அக்காவும் இந்தப் பட்டத்துக்குத் தகுதியானவர்களே. அவர்களுடைய தலைவலிக்கு யாரும் பேர் வைப்பதில்லை, அவர்களும் அதை யாரிடமும் சொல்வதில்லை.

பழனிக்கு 693 படி. மடியிலிருக்கும் குழந்தையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, வேண்டுதலுக்காக முந்தின நாளிலிருந்து விரதமிருந்து, உச்சி வெயிலில் ஒரே மூச்சாக ஏறுங்கள். இரண்டாம் பாடத்திலிருந்து ஐந்தாம் பாடம் வரை ஒரே நாளில் முடிந்துவிடும். மண்டபத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறுகிற பாட்டிகளைப் பாருங்கள். தெளிந்த முகத்தோடு மேலே வந்து சேருவார்கள். முருகன் கோபிப்பதும் இல்லை.

இருமினாலும் தும்மினாலும் கழிவறையில் முக்கினாலும் வரும் தலைவலி வேறு வகை. நாற்பதைத் தாண்டியவர்களிடம்தான் அதிகம் காணப்படும். ஒரு நொடியில் வெட்டிவிட்டுப் போகும், அதிகம் போனால் இரண்டு மணி நேரம். சின்ன விஷயம் என்று தள்ளிவிட வசதியானது. ஆனால் இந்த வகைக்காரர்களில் ஏறக்குறைய 40 சதவீதம் பேருக்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது. பெரும்பாலும் அது சிறுமூளையின் கீழ்ப்பகுதி மண்டையோட்டின் அடித்துளை வழியாகக் கழுத்துப் பக்கம் இறங்கி நிற்கும் கியாரி என்ற நிலை. எம்.ஆர்.ஐ. எடுத்தால் தெரிந்துவிடும். ஆகவே எடுக்காதீர்கள்.

படுக்கையறை உழைப்பிலும் இந்தத் தலைவலி வருவதுண்டு. பட்டியலில் 4.3, நம்முடைய எண்ணுக்குப் பக்கத்து வீடு. இதைப் பற்றி மனைவி கணவனிடமோ கணவன் டாக்டரிடமோ வாய் திறக்கக் கூடாது என்பதே மரபு. டாக்டருக்கு இது புதிய செய்தியே அல்ல. முதல் தடவை இடி விழுந்தது போல வந்தால் மூளையில் ரத்தக் கசிவா என்று அன்றைக்கே பார்க்க வேண்டிய சமாசாரம். ஆனாலும் மானம் பெரிதல்லவா?

பாடம் 8: ஆலோசனைக் குழுவைக் கூட்டுங்கள்

வலி வந்துவிட்டது. இனி வைத்தியம். வீட்டிலேயே நிபுணர் குழு தயாராக இருக்கும்.

அத்தை: "தலையில நீர் கோத்திருக்கு. ரெண்டு வேளை ஆவி பிடி."

அம்மா: "சனிக்கிழமை எண்ணெய் தேய்ச்சுக் குளின்னா கேக்குறியா? எல்லாம் உடம்புச் சூடு."

மாமா: "பித்தம்டா மாப்ள. இஞ்சியைத் தட்டித் தேன்ல போட்டுக் குடி."

பாட்டி: "சட்டையைக் கழட்டி ஊருக்கே படம் காட்டினியே, கண்ணு படாம என்ன செய்யும்? உக்காரு, மிளகாய் சுத்திப் போடறேன்."

ஜிம் மாஸ்டர்: "ப்ரோ, புதுசுல அப்படித்தான் இருக்கும். இன்னொரு செட் போடுங்க, பழகிடும்."

ஐந்து பேரும் வெற்றி பெறுவார்கள். அதுதான் இந்தத் தலைவலியின் விசேஷம். எதுவும் செய்யாவிட்டாலும் 48 மணி நேரத்துக்குள் அதுவாகவே அடங்கும். ஆவி பிடித்த மறுநாள் அடங்கினால் அத்தைக்குப் புகழ், மிளகாய் சுற்றிய மறுநாள் அடங்கினால் பாட்டிக்குப் புகழ். நெற்றிப்பொட்டில் தேய்க்கத் தைலமும் இருக்கிறது. 1893இல் பம்பாயில் நாகேஸ்வர ராவ் அமிர்தாஞ்சனத்தைத் தொடங்கியதிலிருந்து நம் வீடுகளில் அந்த வாசனை இல்லாத தலைவலியே கிடையாது. தேய்த்தால் தோல் குளிரும், மனசுக்கு இதமாக இருக்கும். வலி ஏன் வந்தது என்ற கேள்விக்குத் தைலப் பாட்டிலில் பதில் இருக்காது.

பாடம் 9: மெடிக்கல் கடை அண்ணனே கதி

"அண்ணே, தலைவலிக்கு ரெண்டு மாத்திரை குடுங்க." இந்த ஒரு வாக்கியம் போதும். வலிக்குப் போட்டது போக, நாளைக்கு வலி வந்தால் என்ன செய்வது என்று ஜிம்முக்குப் போகும் முன்பே ஒன்றை விழுங்கிவிடுங்கள். நீர் வற்றிய உடம்பில் வலி மாத்திரை சிறுநீரகத்துக்கு ஆகாது என்பதை மறந்துவிடுங்கள். சாதாரண வலி மாத்திரைகளை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ மூன்று மாதத்துக்கு மேல் போட்டுவந்தால், மாத்திரையே தலைவலி தரத் தொடங்கும். ஒரு தலைவலிக்கு இன்னொரு தலைவலி இலவசம்.

பயிற்சிக்கு முன் போட்டால் தலைவலி வராமல் தடுக்கும் மருந்து ஒன்று உண்மையிலேயே உண்டு. பெயர் இண்டோமெதசின். வயிற்றில் புண் உண்டாக்கக்கூடியது, ஆகவே ஆளைப் பார்த்து, அளவு பார்த்து டாக்டர்தான் தர வேண்டும். சிலருக்கு புரொப்ரனலால் தருவார்கள், அது ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகாது. இந்த நுணுக்கமெல்லாம் எதற்கு? ஆபீஸ் நண்பருக்கு எழுதிக் கொடுத்த சீட்டைப் போனில் படமெடுத்து வாங்கிவிடுங்கள்.

பாடம் 10: நாற்பதைத் தாண்டியவர்களுக்குச் சிறப்பு வகுப்பு

சர்க்கரை, பிரஷர், சிகரெட் ஆகிய மூன்றில் ஏதாவது ஒன்றோடு ஐம்பதை நெருங்குகிறவர்களுக்கு இது. நடக்கத் தொடங்கினால் தலை வலிக்கிறது, நின்றால் போய்விடுகிறது, மறுபடி நடந்தால் மறுபடி வருகிறது. நெஞ்சு வலிக்கவே இல்லை. ஆகவே இதயம் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிடுங்கள்.

இதயத்துக்கு ரத்தம் போதாதபோது சிலருக்கு வலி நெஞ்சில் வராமல் தலையில் வரும். இதற்கு 1997இல் மருத்துவ இதழில் தனிப் பெயரே வைத்தார்கள். கண்ணுக்குப் போய்க் கண்ணாடி மாற்றி, பல்லுக்குப் போய்ப் பல் பிடுங்கி, கடைசியில் இதய ரத்தக் குழாயின் அடைப்பை நீக்கியதும் தலைவலி போவது இந்த வகையில்தான். இதை ஒத்தைத் தலைவலி என்று நினைத்து அதற்கான சில மாத்திரைகளைப் போட்டால் இதயக் குழாய்கள் இன்னும் சுருங்கும். நம் சிறப்பு வகுப்பில் இதற்கு மேல் சொல்லிக் கொடுக்க எதுவும் இல்லை.

பாடம் 11: தப்பித்தவறி டாக்டரிடம் போக நேர்ந்தால்

வீட்டார் இழுத்துப் போய்விட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். "சும்மா தலைவலி டாக்டர்" என்று மட்டும் சொல்லுங்கள். என்ன செய்துகொண்டிருந்தபோது வந்தது, உச்சத்துக்குப் போக எத்தனை நிமிஷம் ஆனது, எவ்வளவு நேரம் இருந்தது, இதற்கு முன் வந்ததா, வாந்தி வந்ததா, என்ன பவுடர் குடிக்கிறீர்கள், யாராவது ஊசி போட்டார்களா என்ற விவரங்களை மறைத்துவிடுங்கள். இவை தெரிந்துவிட்டால் டாக்டர் பாதி நோயைக் கண்டுபிடித்துவிடுவார்.

1968இல் அமெரிக்காவின் மாயோ கிளினிக்கைச் சேர்ந்த ரூக் என்ற மருத்துவர், உழைப்புத் தலைவலியோடு வந்த 103 பேரைக் குறைந்தது மூன்று ஆண்டு தொடர்ந்து கவனித்து எழுதினார். முதலில் ஒன்றுமில்லை என்று தோன்றியவர்களில் பத்துப் பேருக்குப் பின்னால் மண்டைக்குள் ஒரு காரணம் தெரியவந்தது. மற்றவர்களில் பெரும்பாலோருக்கு ஆண்டுகள் போகப் போக வலி குறைந்தது அல்லது மறைந்தே போனது. எம்.ஆர்.ஐ., பிரஷர் சோதனை, தேவைப்பட்டால் இதயத்துக்கு டிரெட்மில் டெஸ்ட், இவையெல்லாம் அந்தப் பத்துப் பேரில் நீங்கள் ஒருவரா என்று தெரிந்துகொள்ள. தெரியாமலேயே இருப்பதுதான் நம் வழி.

பாடம் இத்துடன் முடிந்தது

இதுவரை சொன்னது அத்தனையையும் தலைகீழாகப் பிடித்துப் படிப்பீர்கள் என்று நம்பித்தான் எழுதினேன். இனி வருவதை நேராகவே படியுங்கள்.

முக்கும்போதோ ஓடும்போதோ ஒரு நிமிஷத்துக்குள் உச்சத்துக்குப் போகும், வாழ்நாளில் இதுவரை அறியாத தலைவலி வந்தால் அது அவசரம். மூளையைச் சுற்றிய உறைகளுக்கிடையே ரத்தம் கசிந்திருக்கலாம். முதல் 6 மணி நேரத்துக்குள் எடுக்கும் சி.டி. ஸ்கேன் அதை ஏறக்குறையத் தவறாமல் காட்டிவிடும், நேரம் போகப் போகக் காட்டும் திறன் குறையும். தூங்கி எழுந்தால் சரியாகும் என்று படுக்காதீர்கள். தலைவலியோடு மயக்கம், விடாத வாந்தி, கழுத்து விறைப்பு, இரட்டைப் பார்வை, பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கை கால் பலவீனம், வலிப்பு இவற்றில் எது வந்தாலும் 108ஐ அழையுங்கள். வெயிலில் உழைத்தவர் உடம்பு கொதித்து, பேச்சு தடுமாறினால் நிழலுக்குக் கொண்டுபோய், தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே அழையுங்கள்.

அவசரமில்லை, ஆனால் தள்ளிப்போடக் கூடாது என்று சொல்லத்தக்கவையும் உண்டு: முதல் முறையாக வந்த உழைப்புத் தலைவலி, நாற்பது வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கியது, இரண்டு நாளைத் தாண்டியது, இருமினால் வருவது, நடந்தால் வந்து நின்றால் போவது. இவற்றுக்கு அந்த வாரத்திலேயே டாக்டர். அதுவரை எடை தூக்குவதும் வேக ஓட்டமும் வேண்டாம்.

டாக்டர் பார்த்து, வேறு காரணம் இல்லை என்று சொல்லிவிட்டால் பயத்தை விட்டுவிடுங்கள். பத்து நிமிஷம் உடம்பைச் சூடேற்றி, எடையை வாரத்துக்குக் கொஞ்சமாகக் கூட்டி, தூக்கும்போது மூச்சை வெளியே விட்டு, வெயில் ஏறும் முன் முடித்துக்கொண்டு, சாப்பிட்டு, தூங்கி, தாகத்துக்குத் தண்ணீர் குடித்தால் பெரும்பாலோருக்கு இது கட்டுக்குள் வரும். அதன் பிறகு ஜிம்முக்குத் தாராளமாகத் திரும்புங்கள், கட்டின சந்தா வீணாக வேண்டாம். தலைவலிக்காக உடற்பயிற்சியையே கைவிட்டுவிட்டால், அதனால் வரும் நோய்களுக்கு இதைவிட நீளமான வழிகாட்டி எழுத வேண்டியிருக்கும்.